மிதக்கும் கட்டை, டீ நிறத் தண்ணீர், வெள்ளைச் சளி: மீன் தொட்டி மரக்கட்டைக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

கட்டை கைக்கு வந்த அன்றைக்கே தொட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் பரபரக்கும். கொளத்தூரில் மீன் கடையில் வாங்கியதாக இருக்கட்டும், வெள்ளம் வடிந்தபின் கொள்ளிடக் கரை மணலில் பொறுக்கியதாக இருக்கட்டும், அந்தப் பரபரப்பு ஒன்றுதான். ஆனால் காய்ந்த கட்டை தண்ணீருக்குள் கிடக்கும் கட்டையாக மாறச் சில வாரம் பிடிக்கும். அந்த மாற்றம் வாளியில் நடந்தால் மீனுக்கு ஒன்றும் தெரியாது. தொட்டியில் நடந்தால் கீழே உள்ள அறிகுறிகளில் ஏதாவது ஒன்று வந்தே தீரும்.

இதைப் படிக்கும்போது இரண்டு கருவிகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் மூக்கு, உங்கள் கட்டைவிரல் நகம். பாதிக் கேள்விகளுக்கு அவையே பதில் சொல்லிவிடும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. அதனால்தான் முதலில் வைத்திருக்கிறேன்.

கட்டை வைத்த சில மணி நேரத்திலோ, இரண்டு மூன்று நாளிலோ இப்படி ஆனால் காரணத்தை அப்புறம் யோசிக்கலாம். கட்டையை வெளியே எடுங்கள். தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, தொட்டியின் அதே சூட்டில் இருக்கட்டும். ஏர் பம்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள். பம்ப் இல்லையென்றால் ஃபில்டரின் வாயை உயர்த்தித் தண்ணீர் சலசலவென்று மேலிருந்து விழும்படி செய்யுங்கள். அன்றைக்குத் தீனி வேண்டாம்.

பெரும்பாலும் காரணம் பச்சைக் கட்டைதான். உயிர்ச்சாறு முழுதாகக் காயாத மரத்திலிருந்து சர்க்கரையும் மாவுச்சத்தும் தண்ணீரில் கசியும். அதைத் தின்று பாக்டீரியா பெருகும்போது ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். நம் ஊர் கோடையில் இது இன்னும் மோசமாகும். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைக்கு வந்துவிடும்.

காற்று கொடுத்த ஒரு மணி நேரத்தில் மீன் தெளிந்து கீழே இறங்கினால் பிரச்சினை ஆக்சிஜன்தான். அந்தக் கட்டையை நன்றாகக் காயவைத்து, பிறகு ஊறவைத்து மறுபடி முயலலாம். காற்று நன்றாகக் கொடுத்தும் மீன் சுழன்று நீந்தினாலோ, பக்கவாட்டில் சாய்ந்தாலோ அது விஷம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டை திரும்ப எந்தத் தொட்டிக்கும் வேண்டாம்.

பெயர் தெரியாத மரத்தைத் தொட்டியில் போடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். அரளி, கள்ளி, எருக்கு பக்கமே போகக் கூடாது. புங்க மரத்தின் விதையும் வேரும் மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்டவை. வேப்பங்கட்டையையும் நான் தொடுவதில்லை. நமக்கு மருந்தான வேம்பு மீனுக்கு ஆகாது. கழிமுகப் பக்கம் பொறுக்குகிறவர்கள் தில்லை மரத்தை அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வளரும் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிச்சாவரம் காப்புக்காடு என்பதால் அங்கே கீழே கிடக்கும் சுள்ளியையும் எடுத்து வரக் கூடாது. பைன், தேவதாரு போன்ற பிசின் மரங்களும் வேண்டாம். புளிய மரத்து வேர், கொய்யாக் கிளை, நன்றாகக் காய்ந்த தேக்கு ஆகியவை எனக்குத் தொந்தரவு தந்ததில்லை. கடையில் வாங்குவதென்றால் மலேசியன் வுட், மோபானி, ஸ்பைடர் வுட் மூன்றும் பழகியவை.

எத்தனை நாள் ஊறவைத்தாலும் மிதக்கிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான்.

மரம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளால் ஆனது; அந்த அறைகளின் சுவர்ப்பொருள் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. அதாவது உள்ளே காற்று இல்லாவிட்டால் எந்த மரமும் மூழ்கும். மிதக்க வைப்பது அறைகளில் அடைந்திருக்கும் காற்றுதான். வைரம் பாய்ந்த கட்டையில் காற்றுக்கு இடம் குறைவு. மோபானி வாங்கிய அன்றே கல் மாதிரி இறங்கும். மலேசியன் பெரும்பாலும் அப்படித்தான். ஸ்பைடர் வுட் அசேலியா வகைச் செடியின் வேர், பஞ்சு மாதிரி இலேசானது. அது மாதக் கணக்கில் மிதந்தாலும் ஆச்சரியமில்லை. ஆக முதல் கேள்வி: உங்கள் கையில் இருப்பது எந்தக் கட்டை? ஸ்பைடர் வுட் என்றால் நேராகக் கல்லில் பூட்டும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

மற்ற கட்டைகளுக்குக் கொதிக்க வைப்பது நல்ல குறுக்கு வழி, சரியாகச் செய்தால். சமையலுக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய அண்டா ஒன்றை எடுங்கள். உள்ளே ஏறும் கறை லேசில் போகாது. பட்டை ஒட்டியிருந்தால் முழுதும் உரித்துவிட்டு, கடினமான பிரஷ்ஷால் சந்து பொந்தெல்லாம் தேய்த்து, கட்டை முழுதும் முங்கும்படி தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். ஓரடிக் கட்டைக்கு இரண்டு மணி நேரம். வற்ற வற்றக் கொதிநீர் சேர்க்க வேண்டும். கட்டையிலிருந்து குமிழ்கள் சரம் சரமாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். உள்ளே இருந்த காற்று சூட்டில் விரிந்து வெளியேறுகிறது.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். அடுப்பை அணைத்ததும் கட்டையைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். அது ஆறும்போது உள்ளே மிச்சமிருக்கும் காற்றும் ஆவியும் சுருங்கும், அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். வெளியே காற்று இருந்தால் காற்றை இழுக்கும், தண்ணீர் இருந்தால் தண்ணீரை இழுக்கும். அதனால் மேலே ஒரு கல்லை வைத்து அமுக்கி, அதே தண்ணீரில் இரவு முழுக்க ஆற விடுங்கள். மறுநாள் தூக்கிப் பார்த்தால் கனம் கூடியிருப்பது கைக்கே தெரியும். இப்படி இரண்டு மூன்று நாள் செய்தால் போதும். நாள் முழுக்கக் கொதிக்க வைக்காதீர்கள், வெளிமரம் சக்கையாகிவிடும். பிரஷர் குக்கரில் வைக்கவே வேண்டாம். செதில் ஒன்று உதிர்ந்து வெயிட் வால்வை அடைத்தால் வீட்டுக்கே ஆபத்து.

அண்டாவில் அடங்காத பெரிய கட்டையை டிரம்மில் போட்டு, கல் ஏற்றி, கொதிநீர் ஊற்றி ஊறவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லையென்றால் நாறும், கொசுவும் முட்டையிடும். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். எடை ஏறிக்கொண்டே இருந்தால் பொறுமையாக இருக்கலாம். இரண்டு வாரமாக எடை அசையவில்லை, இன்னும் மிதக்கிறது என்றால் அது தானாக மூழ்கப்போவதில்லை. கல்தான் வழி.

எவ்வளவு கல்? வாளியை விளிம்பு வரை நிரப்பி, ஒரு பேசினுக்குள் வைத்து, கட்டையை உள்ளே முழுதும் அமுக்குங்கள். வழிந்த தண்ணீரை அளந்தால் கட்டையின் கன அளவு கிடைக்கும். 3 லிட்டர் வழிந்தது, கட்டையின் எடை 2.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 3 கிலோ விசையோடு மேலே தள்ளுகிறது, கட்டை 2.4 கிலோதான் கீழே இழுக்கிறது. பாக்கி 600 கிராம். ஆனால் 600 கிராம் கல் வைத்தால் போதாது. கல்லும் தண்ணீருக்குள் எடை இழக்கும். கருங்கல் ஒரு கிலோ, தண்ணீருக்குள் சுமார் 630 கிராம்தான் இழுக்கும். ஆக ஒரு கிலோ கல் வைத்தால் சரிக்குச் சரி நிற்கும். மீன் மோதினாலும் அசையாமல் இருக்க ஒன்றரை கிலோ வையுங்கள்.

கல்லைப் பூட்டும் விதம்: கிரானைட் கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதில் தண்ணீர் விட்டு விட்டு டிரில் போட்டு, அடியிலிருந்து கட்டைக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ முறுக்குங்கள். ஸ்குரூ தலை கண்ணாடியைத் தொடாதபடி கல்லுக்கு அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டுங்கள். சாதாரண இரும்பு ஆணி துருப்பிடிக்கும். பித்தளை ஸ்குரூவில் செம்பு இருக்கிறது, இறால் வளர்ப்பவர்கள் அதை நினைக்கவே கூடாது. பலகைக் கல் என்றதும் கடப்பா நினைவுக்கு வரும். அது சுண்ணாம்புக்கல் வகை. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். கப்பி, மோலி மீன்களுக்குப் பரவாயில்லை, டிஸ்கஸ், டெட்ரா மீன்களுக்கு ஆகாது.

டிரில் இல்லாதவர்கள் மீன்பிடி நரம்பாலோ கேபிள் டையாலோ கல்லோடு இறுக்கிக் கட்டலாம். பருத்தி நூல் சில வாரத்தில் இற்றுப்போய், ஒருநாள் இரவு கட்டை மேலே எகிறிவிடும்.

செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு. கட்டையை முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே செருகி நிறுத்துவது. மரம் ஊறினால் குறுக்குவாட்டில் பருக்கும், கண்ணாடி விரிசல் விடும். இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள்.

தண்ணீர் டிகாக்ஷன் மாதிரி ஆகிவிட்டது

வெள்ளைப் பீங்கான் கப்பில் கொஞ்சம் மொண்டு பாருங்கள். நிறம் பழுப்பு, ஆனால் கப்பின் அடி தெளிவாகத் தெரிகிறதா? அது டானின். டீத்தூளிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருளின் உறவு. மீனுக்குக் கெடுதல் இல்லை. கார்டினல் டெட்ராவின் தாய்வீடான ரியோ நீக்ரோ ஆறே இந்த நிறம்தான். ஃபைட்டர் மீனுக்காகப் பாதாம் இலையைத் தொட்டியில் போடுகிறோமே, அதுவும் இதே நிறத்துக்கும் குணத்துக்கும்தான். எனக்கு அந்தச் சாயல் பிடிக்கும். நியான் மீனின் நீலக் கோடு அதில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

பார்க்கிறவர்கள் அழுக்குத் தண்ணீர் என்கிறார்கள், நிறம் வேண்டாம் என்றால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்றைப் போடுங்கள்; மூன்று நான்கு வாரத்தில் அதை மாற்ற வேண்டும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றி வந்தால் சில மாதத்தில் கசிவு தானே குறையும். உடனே நிற்க வேண்டுமென்றால் கட்டையை எடுத்து மறுபடி கொதிக்க வைத்து, கொதித்த தண்ணீரைக் கொட்டிக் கொட்டிப் புதிது ஊற்றுங்கள். மலேசியன் கட்டை ஐந்தாறு முறை கொட்டியும் நிறம் விடும்.

கவனிக்க வேண்டிய ஒரு கூட்டம் உண்டு: தொட்டிக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுகிறவர்கள். போர்வெல் தண்ணீரில் இருக்கும் காரத்தன்மை டானின் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும், பிஎச் என்ற அமில-கார அளவு பெரிதாக அசையாது. ஆர்ஓ தண்ணீரில் அந்தத் தாங்கும் பொருள் கிட்டத்தட்ட இல்லை. பிஎச் சரசரவென்று இறங்கலாம். கட்டை வைத்த முதல் மாதம் வாரம் இருமுறை சோதியுங்கள், இறங்கினால் ஆர்ஓவோடு குழாய்த் தண்ணீரைக் கலந்து ஊற்றுங்கள்.

கப்பில் அடி தெரியாமல் பால் போலக் கலங்கியிருந்தால் அது டானின் கிடையாது, பாக்டீரியா பெருக்கம். தீனியைப் பாதியாகக் குறைத்து, காற்றைக் கூட்டிவிட்டு விடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெளிந்துவிடும்.

கட்டை மேல் வெள்ளையாகச் சளி படர்கிறது

நான்காவது ஐந்தாவது நாளில் கட்டையின் நுனிகளில் தொடங்கும். ஊறிய சப்ஜா விதையைச் சுற்றி ஒரு கொழகொழப்பு நிற்குமே, அந்த மாதிரி. விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு பிரியும். ஸ்பைடர் வுட்டில் இது ஏறக்குறைய கட்டாயம் வரும். பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து கட்டையின் மேல்தோலில் மிச்சமிருக்கும் சத்தைத் தின்கின்றன. சத்து தீர்ந்தால் அவையும் போய்விடும். சில வாரம், சில நேரம் இரண்டு மாதம்.

மருந்து ஊற்றாதீர்கள். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் மாற்றும்போது டியூபால் உறிஞ்சி எடுத்தால் போதும். செர்ரி இறால், நத்தை, மோலி இருந்தால் அந்த வேலைகூட உங்களுக்கு இருக்காது. இறால்கள் இரண்டு கையாலும் மாற்றி மாற்றிக் கிள்ளி வாயில் வைத்துக்கொள்வதை உட்கார்ந்து பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

மூன்று நான்கு மாதம் கழித்தும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே நகத்தை அழுத்துங்கள். நகம் பதிந்தால் அந்த இடம் உளுத்துவிட்டது. வெளியே எடுத்து, உளியால் கெட்டியான மரம் தட்டும் வரை செதுக்கிவிடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம்

இதில் மட்டும் சமாதானம் கிடையாது. காற்று புகாத இடத்தில் மரம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது. மீனுக்குச் சிறிதளவே போதும், கொன்றுவிடும். முதலில் நாற்றம் எங்கிருந்து என்று பாருங்கள். கட்டையை எடுத்து வாளியில் வைத்து முகர்ந்தால் மண்வாசனையோ, ஈர விறகு வாசனையோ வந்தால் கட்டை நல்லது. அப்போது நாற்றம் கட்டைக்கு அடியில் இறுகிக் கிடந்த மணலிலிருந்து வந்திருக்கும். அந்த இடத்தைக் கிளறி உறிஞ்சி எடுத்து, கட்டையை மணலில் புதைக்காமல் கல் தட்டின் மேல் நிறுத்துங்கள்.

கட்டையே நாறினால் தட்டிப் பாருங்கள். நல்ல கட்டை கணீரென்று பேசும், அழுகியது பொத்தென்று கேட்கும். ஸ்குரூடிரைவர் நுனி சுலபமாக இறங்கி, கறுப்புச் சாறு கசிந்தால் எறிந்துவிடுங்கள். எவ்வளவு அழகான வளைவாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். ப்ளீச்சில் ஊறவைத்துக் காப்பாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். மரம் அதையும் குடித்து வைத்துக்கொண்டு பிறகு தொட்டியில் விடும். சோப்புக்கும் இதே கதைதான்.

புதிதாக வைத்த கட்டையிலிருந்து அவ்வப்போது வாசனையில்லாத சின்னக் குமிழ் வந்தால் பயம் வேண்டாம், அது உள்ளே தங்கிய காற்று.

பாசி, மரத்தூள், வேண்டாத விருந்தாளி

கட்டையின் மேல்முனை விளக்குக்கு மிக அருகில் இருந்தால் பாசி பிடிக்கும். விளக்கை நாளுக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். தாடி மாதிரி கறுப்புப் பாசி தேய்த்தும் போகாவிட்டால் கட்டையை வெளியே எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசி மேல் பிரஷ்ஷால் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவி வையுங்கள். சில நாளில் பாசி சிவந்து உதிரும்.

தரையில் பழுப்புத் தூள் சேர்கிறது, தொட்டியில் சக்கர் மீன் இருக்கிறது என்றால் அது கட்டையைச் சுரண்டுகிறது. அது அதன் இயல்பு, விட்டுவிடுங்கள். சக்கர் பெரிதாகி இடம் போதாமல் போனால் ஏரியிலோ ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள். சென்னை நீர்நிலைகளில் அது பெருகி நாட்டு மீனுக்கு இடைஞ்சலாகியிருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுங்கள். கட்டையிலிருந்து தட்டான் புழுவோ, அட்டையோ கிளம்பினால் கொதிக்க வைக்காமல் போட்டதன் விளைவு. எடுத்துக் கொதிக்க வைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.

கடற்கரையில் எடுத்த கட்டை காய்ந்ததும் வெள்ளை பூக்கிறது

உப்பு. ஆர்ஓ தண்ணீர் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) வீட்டில் இருந்தால் வேலை சுலபம். நல்ல தண்ணீரை அளந்து குறித்துவிட்டு, அதில் கட்டையை ஒரு நாள் ஊறவைத்து மறுபடி அளங்கள். முதல் நாள் எண் எகிறும். தண்ணீரை மாற்றி மாற்றி, வித்தியாசம் சொற்பமாகும் வரை தொடருங்கள். கப்பல் புழு துளைத்த ஓட்டைகளில் சுண்ணாம்புக் கூடு ஒட்டியிருக்கும், கம்பியால் நெருடி எடுத்துவிடுங்கள். பழைய படகுப் பலகை என்றால் எடுக்கவே வேண்டாம். அடிப்பாகத்துக்கு அடிக்கும் பெயின்ட்டில் செம்பு இருக்கலாம்.

முன்பு மூழ்கிக் கிடந்த கட்டை இப்போது மிதக்கிறது

தொட்டியைக் கழுவும்போது கட்டையை வெயிலில் காயப்போட்டிருப்பீர்கள். குடித்த தண்ணீர் வெளியேறி, அறைகளில் மறுபடி காற்று புகுந்துவிட்டது. வாளியில் கல் ஏற்றி ஊறவையுங்கள். முதல் முறை பிடித்த அளவு நாள் பெரும்பாலும் பிடிக்காது. அடுத்த முறை தொட்டி கழுவும்போது கட்டையை மட்டும் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு வையுங்கள். அதன்மேல் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் பிழைக்கும், அதில் கட்டி வளர்க்கும் அனுபியாஸ் செடியின் வேரும் வாடாது.